இருபத்து நாலு பேருக்கு மேல் விடாத சர்வர்

மஹாலட்சுமிக்கு அந்தச் சங்கத்தில் வேலை கிடைத்தது தை மாதத்தில். பிள்ளையார்பாளையத்தை ஒட்டி இருக்கும் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அது. கீழே விற்பனைக் கூடம், மாடியில் அலுவலகம், பின்னால் சரக்கு அறை. அவள் உட்கார வேண்டியது கீழே, பில் போடும் மேசையில். நாற்காலி கொடுத்தார்கள், கம்ப்யூட்டர் கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பெயர் அட்டையும் கொடுத்தார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால், டெர்மினல் ஒதுக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. பிறகு திரையில் திறந்திருந்த கறுப்பு ஜன்னல் தானாக மூடிக்கொண்டது.

முதல் நாள், ஒயர் சரியில்லை என்றார்கள். அடுத்த நாள், அவளுக்கு அடிக்கத் தெரியவில்லை என்றார்கள். வாரக் கடைசியில் மாடியிலிருந்து இறங்கி வந்த ஒருவர் அவளுடைய நட்சத்திரம் என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல், யாராவது புடவை வாங்கினால் அவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிக்குப் போனாள். உள்ளே இருக்கும் யாராவது ஒருவர் தன் கம்ப்யூட்டரில் பில் போட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாரும் முகம் சுளிக்காமல்தான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும், "உனக்கு இன்னும் நம்பர் வரலியாம்மா?" என்று கேட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் கேட்கிற குரலில் கேட்டார்கள். அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வயதில் பிள்ளை இருந்தான்.

பங்குனியில் ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், புடவை மாடிக்குப் போய் வேறு புடவையாகத் திரும்பி வந்துவிட்டது என்று சண்டை போட்டார். அப்போதுதான் மேனேஜர் தினகரன் காவேரிக்கு போன் செய்தார்.

காவேரி நெல்லுக்காரத் தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை செய்கிறவள். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் சர்வர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தவள். துணிக்கடை, பள்ளிக்கூடம், ரத்தப் பரிசோதனை நிலையம் என்று ஊரில் பல கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பில் இருந்தன. இந்தச் சங்கத்தைச் சென்ற வருஷம்தான் ஒப்பந்தம் எடுத்திருந்தாள். இதுவரை பிரிண்டர் மையைத் தவிர வேறு எதற்கும் அவளை அவர்கள் கூப்பிட்டதில்லை.

சங்கத்தில் இருந்தது பழைய யூனிக்ஸ் வகைச் சர்வர். எல்லா வேலையும் அந்த ஒரு பெட்டிக்குள் நடந்தது. மற்ற கம்ப்யூட்டர்கள் அதற்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள்தான். ஒருவர் உள்ளே நுழைந்தால் அவருக்கென்று ஒரு டெர்மினலைச் சர்வர் உண்டாக்கும். கையால் தொடக்கூடிய பொருள் அல்ல அது, வெறும் எண். பூஜ்யத்தில் ஆரம்பித்து, எந்தச் சின்ன எண் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். வெளியேறினால் எண்ணைத் திரும்ப வாங்கி வேறொருவருக்குக் கொடுக்கும். அந்த எண் திரையின் மேல் மூலையில் பளிச்சென்று தெரிகிற மாதிரி யாரோ செய்து வைத்திருந்தார்கள்.

காவேரி சர்வர் இருந்த அறைக்குப் போய் அதன் சொந்தத் திரையிலேயே பார்த்தாள். உச்ச வரம்பு இருபத்து நாலு. உள்ளே இருப்பவர்களும் இருபத்து நாலு. வியாதி தெரிந்துவிட்டது. அவள் தினகரனைக் கூப்பிட்டாள்.

"சார், ஆபீஸ்ல மொத்தம் எத்தன பேரு?"

"மஹாலட்சுமியோட சேத்து பதினோரு பேரும்மா."

"உள்ள இருபத்து நாலு பேரு இருக்காங்க சார்."

தினகரன் ஆச்சரியப்படவில்லை. "ஆமா, ஃபுல்லு," என்றார்.

அவள் திரையில் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். முதல் பெயரிலேயே நின்றாள்.

"பூஜ்யத்துல பிள்ளையார்னு ஒருத்தரு. சர்வர் கடைசியா ஆன் பண்ண அன்னிக்கு உள்ள வந்தவரு, இதுவரைக்கும் ஒரு எழுத்து கூட அடிக்கல. யாரு சார் இது? லீவுல இருக்காரா?"

"பிள்ளையார்தாம்மா."

"அதான், யாரு?"

"பிள்ளையாரு," என்று தினகரன் கையைத் தும்பிக்கை மாதிரி லேசாக வளைத்துக் காட்டினார். "எத ஆரம்பிச்சாலும் அவர்கிட்டதானே ஆரம்பிக்கிறோம். மொத நம்பர மனுஷன் எடுத்துக்கினா நல்லா இருக்குமா?"

காவேரி அடுத்த பெயருக்குப் போனாள். ஒன்றாம் எண்ணில் கலியாணசுந்தரம். அவர் சரக்கு அறை பொறுப்பாளர், சங்கத்தில் மூத்தவர், உயிரோடு இருப்பவர். இரண்டில் தினகரன். மூன்று, நான்கு சரி. ஐந்தாம் எண்ணில் முன்னாள் தலைவரின் பெயர் இருந்தது. அவர் காலமாகி இரண்டு தீபாவளி போய்விட்டது. அவருடைய கம்ப்யூட்டர் அவருடைய அறையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரைக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள்.

"சார், இவர வெளிய எடுத்துடலாமா?"

"தலைவரையா? அவர எப்படிம்மா நாம வெளிய அனுப்புறது?"

"அவருதான் இறந்துட்டாரே."

"அதனாலதான் யோசிக்கிறேன். உயிரோட இருந்தா அவரே எழுந்து போயிருப்பாரு."

ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் உள்ளே இருந்தார்கள். சம்பளம் நின்றதே போதாதா, மரியாதையும் நிற்க வேண்டுமா என்று கேட்டார் தினகரன். சங்கத் தேர்தலில் ஜெயித்த அணிக்கு மூன்று எண்கள். தோற்ற அணி சண்டைக்கு வந்ததால் அவர்களுக்கும் மூன்று. சேலத்துக்கு மாற்றலாகிப் போன ஒருவருக்கு ஒன்று, ஏனென்றால் அவர் திரும்பி வந்தாலும் வரலாம். பதினொன்றாம் எண்ணுக்கு நேரே 'மந்திரி' என்று மட்டும் இருந்தது.

"மந்திரி இங்க வந்திருக்காரா சார்?"

"இன்னும் இல்ல. ஆனா வந்து உக்காந்து, எனக்கு ஒரு டெர்மினல் இல்லியான்னு கேட்டாருன்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

காவேரி எழுந்தாள். வெளியே வராந்தாவுக்கு வந்து, சர்வரை முதலில் அமைத்த பிரேம்நாத்துக்கு போன் போட்டாள். அவர் இப்போது பெங்களூரில் இருந்தார். சங்கத்தின் பெயரைச் சொன்னதும் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"அந்த சர்வர் இன்னும் ஓடுதா?"

"ஓடுது. டெர்மினல் லிமிட்ட இருபத்து நாலுன்னு வெச்சிருக்கீங்களே, மெமரி கம்மின்னா? இல்ல லைசென்ஸ் ஏதாவதா?"

"ரெண்டும் இல்லைங்க. ஒரு நம்பர் சொல்லுங்கன்னு மேனேஜர கேட்டேன். அவரு சுத்திப் பாத்து சேர எண்ணுனாரு. இருபத்து நாலு சேர் இருந்திச்சு."

"சேரா?"

"உடைஞ்ச சேரு உட்பட."

ஆக, அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தக் காரணமும் இல்லை. காவேரி உள்ளே போனாள். யாரையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை, வரம்பை உயர்த்தினால் போதும். சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம். ஒரே வரி அடித்தாள், இருபத்து நாலு நூறாயிற்று. கீழே போய் மஹாலட்சுமியிடம், "இப்ப அடிச்சுப் பாரும்மா," என்றாள்.

மஹாலட்சுமி அடித்தாள். ஜன்னல் மூடிக்கொள்ளவில்லை. மூலையில் 24 என்று வந்தது. அவள் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது எனக்கா?"

"உனக்குத்தான். வீட்டுக்குப் போவசொல்ல வெளியேறிட்டுப் போ. நாளைக்கு வேற நம்பர் வந்தாலும் கவலப்படாத, எல்லாம் ஒண்ணுதான்."

மஹாலட்சுமி அன்று முதன்முதலாகத் தன் கையால் ஒரு பில் போட்டாள். வாங்கியவர் இரண்டு கைக்குட்டைதான் வாங்கினார். அவள் அந்தக் கைக்குட்டைகளைப் பட்டுப்புடவைக்குரிய அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

காவேரி பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கலியாணசுந்தரம் படியில் இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, விபூதி, சட்டைப் பையில் பட்டு நூலைப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி. ஒரு காலத்தில் தெருக் கோயில் திருவிழாவில் முதல் மாலை அவர் குடும்பத்துக்குத்தான் விழும் என்றும், பங்காளிச் சண்டையில் அது கைமாறிப் போனது என்றும் காவேரியின் மாமனார் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதன் பிறகு அவர் அந்தக் கோயில் பக்கம் போவதில்லை. வேறு கோயில்களுக்குப் போகிறார். காஞ்சிபுரத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

"இன்னாம்மா பண்ண?" என்று கேட்டார்.

"எண்ணிக்கைய ஏத்திட்டேன் சார். இனிமே யாரு வேணா உள்ள வரலாம்."

"எவ்ளோ ஏத்தின?"

"இப்ப நூறு. வேணும்னா நாலாயிரம் வரைக்கும் கூட போவலாம்."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலாயிரம் பேர்ல ஒருத்தன் ஒண்ணாம் நம்பர்ல இருந்தா இன்னா, மூவாயிரத்துல இருந்தா இன்னா?"

"ஒண்ணும் இல்ல சார். எப்பவுமே ஒண்ணும் இல்ல. அது வெறும் நம்பர்தானே."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகு வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கலியாணசுந்தரம் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வெளியேறு என்பதை அழுத்தினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் வெளியேறியதை அலுவலகத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. எப்படி வெளியேறுவது என்று அவருக்குத் தெரியும் என்பதே பலருக்குப் புதிதாக இருந்தது.

ஒன்றாம் எண் காலியாகக் கிடந்தது. யாரும் தொடவில்லை. ஆனால் சர்வருக்கு மரியாதை தெரியாது. சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாயிரம், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமாமே என்று கேள்விப்பட்டு, தனக்கும் ஒரு பெயர் போட்டுக் கொடுக்கச் சொன்னான். ஓய்வு பெற்றவர்களின் ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கும் குமாஸ்தா விளையாட்டாகப் போட்டுக் கொடுத்தார். கண்ணாயிரம் ஒரு விரலால் தட்டித் தட்டி உள்ளே நுழைந்தான். திரையின் மூலையில் 1 வந்தது.

மறுநாள் காலையில் கண்ணாயிரத்தின் மனைவியும் மச்சினனும் வந்து அந்தத் திரைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அது வாட்ஸப்பில் போயிற்று. மத்தியானம் டீக்கடைக்காரர் வந்து தனக்கும் ஒரு நம்பர் உண்டா என்று கேட்டார். சாயம் போடுகிற இரண்டு பேர், கை நிறைய நீலத்தோடு, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். வார்டு தேர்தலில் நிற்கப்போகிற ஒருவர் கட்சித் துண்டோடு வந்து, நல்ல நம்பராக ஒன்று ஒதுக்கி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அலுவலகத்தில் இருந்தவர்களோ வேலையில் மனம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் எண்காரர் லீவு போட்டார். கலியாணசுந்தரம் வரவேயில்லை. சரக்கு அறைச் சாவி அவரிடம் இருந்ததால் வியாபாரம் பாதி நின்றது.

தினகரன் காவேரிக்கு மறுபடியும் போன் செய்தார். "நீ ரிப்பேர் பண்ணது ரொம்ப நல்லா இருக்குதும்மா. அத கொஞ்சம் பழையபடி கெடுத்துக் குடுத்துடு."

"சார், நான் பிரச்சனைய சரி பண்ணேன்."

"பிரச்சன இருந்தசொல்ல எல்லாரும் வேலைக்கு வந்துக்கினு இருந்தாங்க."

நிர்வாகக் குழு கூடியது. தோற்ற அணியும் ஜெயித்த அணியும் பல வருஷங்களில் முதல் முறையாக ஒரே பக்கம் பேசின. வரம்பு இருபத்து நாலாகவே இருக்க வேண்டும், மனிதாபிமான அடிப்படையில் மஹாலட்சுமிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று, ஆக இருபத்தைந்து என்று தீர்மானம் போட்டார்கள். கண்ணாயிரத்துக்குச் சால்வை போர்த்தி, ஒரு வேட்டியும் கொடுத்து, ஒன்றாம் எண்ணிலிருந்து வெளியேறச் சொன்னார்கள். அவனும் சந்தோஷமாக வெளியேறினான். தினகரன் கலியாணசுந்தரத்தின் வீட்டுக்கே போய் அவரை அழைத்து வந்தார். அவர் பெயரை அடிக்கும்போது மற்றவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

காவேரி இருபத்தைந்து என்று அடித்தாள். அடிக்கும்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஒப்பந்தம் அவர்களோடு, சர்வர் அவர்களுடையது. கீழே போய் மஹாலட்சுமியிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"இனிமே வெளியேறாத. வீட்டுக்குப் போனாலும் ஜன்னல தொறந்தபடியே வெச்சிட்டுப் போ. ஒரு தடவ வெளிய வந்தியானா வேற யாராவது உள்ள பூந்துடுவாங்க."

"நீங்கதானேக்கா தெனமும் வெளியேறணும்னு சொன்னீங்க?"

"அது வேற ஊரு சட்டம்," என்றாள் காவேரி.

சித்திரையும் பாதி வைகாசியும் இப்படியே போயின. பிறகு பெரிய முகூர்த்தங்கள் சேர்ந்து வந்த ஒரு வாரத்தில், சங்கத்தின் விற்பனைக் கூடத்தில் நிற்க இடமில்லாத ஒரு காலையில், தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. சர்வருக்கு இருந்த பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தது. பிறகு பீப் பீப் என்று கத்திவிட்டு அதுவும் விழுந்தது. மின்சாரம் திரும்பி வந்தபோது சர்வர் எழுந்திருக்கவில்லை. தினகரன் காவேரியைக் கூப்பிட்டார். அவள் ஸ்கூட்டரில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தாள்.

அடித்துப் பிடித்துச் சர்வரை எழுப்பினாள். எல்லா எண்களும் காலி. பிள்ளையார், தலைவர், மந்திரி எல்லாரும் ஒரே நொடியில் வெளியே போயிருந்தார்கள்.

இந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் கலியாணசுந்தரம் பிள்ளையாரை உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு முன் கை கால் கழுவி, கற்பூரம் ஏற்ற வேண்டும். அவர் பின்பக்கம் குழாயடிக்குப் போயிருந்தார். மாடியில் எல்லாரும் விரல்களைக் கம்ப்யூட்டர் மேல் வைத்தபடி, அவர் வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

கீழே மஹாலட்சுமிக்கு இந்த முறை எதுவும் தெரியாது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் எதிரில் தென்னேரியிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வேனோடு வந்து நின்றது. முகூர்த்தப் புடவையும் இன்னும் பதினோரு புடவைகளும் மேசைமேல் குவிந்திருந்தன. பெண்ணின் அத்தை பூவம்மாள் முன்னால் நின்றுகொண்டு, "கரண்டு வந்துடுச்சே, போடும்மா கண்ணு. எமகண்டம் வரப்போவுது," என்றாள். மஹாலட்சுமி பெயரை அடித்தாள். உள்ளே போயிற்று. எண்ணைக் கவனிக்காமல் பில் போட ஆரம்பித்தாள்.

கலியாணசுந்தரம் கற்பூரத் தட்டோடு மாடிக்கு வந்து பிள்ளையாரின் பெயரை அடித்தார். மூலையில் 1 வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பூஜ்யத்துல யாரு?" என்று கேட்டார். உரக்கக் கேட்கவில்லை. ஆனால் அறை முழுவதும் கேட்டது.

காவேரி பார்த்துச் சொன்னாள். தினகரன் படிகளில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினார். பின்னால் மற்றவர்கள், அவர்களுக்குப் பின்னால் தட்டில் கற்பூரம் எரிய எரிய கலியாணசுந்தரம், கடைசியில் காவேரி.

"மஹாலட்சுமி, ஒடனே வெளிய வா," என்றார் தினகரன்.

"சார், ஏழு பொடவ ஏத்திட்டேன். இன்னும் அஞ்சு இருக்குது."

"பொடவ கிடக்கட்டும்மா. நீ எதுல உக்காந்துக்கினு இருக்குறன்னு தெரியுமா?"

அவள் பயந்து நாற்காலியிலிருந்து எழுந்து அதைப் பார்த்தாள். பூவம்மாள் குறுக்கே கையை நீட்டினாள்.

"பில்லு போட்டுக்கினு இருக்குற பொண்ண இன்னாத்துக்குப்பா எழுப்புற? எதுல உக்காந்துச்சு அது?"

தினகரன் தயங்கினார். பிறகு கூட்டத்துக்கு நடுவே, அது பிள்ளையாருக்கென்று ஒதுக்கிய நம்பர், அதில் மனிதர்கள் யாரும் வேலை பார்ப்பதில்லை என்று விளக்கினார். சொல்லச் சொல்ல அவருக்கே அது அவ்வளவு தெளிவாக இல்லை.

பூவம்மாளின் முகம் மாறியது. "பிள்ளையார் நம்பர்லயா எங்க வூட்டுப் பொண்ணு மூர்த்தப் பொடவைக்கு பில்லு வருது?"

"ஆமா. தப்புதான்மா. இப்ப மாத்திடறோம்."

"இன்னாத்த மாத்துற? அதுலயே போடு." அவள் பின்னால் திரும்பித் தன் கோஷ்டியிடம் சொன்னாள். "பிள்ளையார் நம்பருல வருதாம்."

மஹாலட்சுமி நின்றபடியே மீதி ஐந்து புடவைகளையும் ஏற்றினாள். பிரிண்டரிலிருந்து பில் வந்தது. பூவம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தட்டில் கற்பூரம் இன்னும் அணையாமல் இருந்ததால் அதையும் தொட்டு ஒற்றிக்கொண்டு, தட்டில் பத்து ரூபாய் போட்டாள். அடுத்து நின்ற வாலாஜாபாத் குடும்பம், தங்களுக்கும் அதே நம்பரில்தான் வேண்டும் என்றது. அதற்கு அடுத்தவர்களும் அப்படியே. கூட்டத்தைச் சமாளிக்க மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்த இன்னொரு பெண்ணிடம் யாரும் போகவில்லை. வரிசை வாசல் வரை நீண்டது.

தினகரன் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"பிள்ளையார எங்க சார் உக்கார வெக்கிறது?"

கலியாணசுந்தரம் தட்டைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், நின்றுகொண்டே இருந்த மஹாலட்சுமியைப் பார்த்தார்.

"அவரு எங்க வேணா உக்காருவாரு. அரசமரத்தடியில உக்காரலியா, ஆத்தங்கரையில உக்காரலியா. ஒண்ணுல உக்காரட்டும்," என்றார். பிறகு அவளிடம், "நீ உக்காரும்மா. கால் வலிக்கப் போவுது," என்றார்.

தன் எண்ணைத்தான் கொடுத்துவிட்டார் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. அவருக்கு உறைத்ததா என்றும் தெரியவில்லை. அவர் விறுவிறுவென்று மாடிக்குப் போனார். தலைவரின் அறைக்குப் போய் மாலையை ஒதுக்கிவிட்டு அவருடைய ஜன்னலைத் திறந்தார். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகத் திறந்தார். சேலத்துக்காரருக்குத் திறந்தார். மந்திரியை யாரும் கவனிக்காததால் அதையும் அவரே செய்தார். இதற்குள் மற்றவர்கள் தங்கள் தங்கள் எண்ணைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு அணிகளும் மூன்று மூன்றாக உள்ளே போய்விட்டன. சந்தடி சாக்கில் கண்ணாயிரமும் தன் பழைய பெயரை அடித்து உள்ளே புகுந்துவிட்டான். கலியாணசுந்தரம் கடைசியில் தன் நாற்காலிக்கு வந்து தன் பெயரை அடித்தார். டெர்மினல் ஒதுக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. ஜன்னல் மூடிக்கொண்டது.

கிளம்புவதற்கு முன் பேட்டரியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று காவேரி அவரைத் தேடினாள். சரக்கு அறையில் இருந்தார். அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஜரிகைக் கட்டுகளை எடுத்து எடுத்துப் பார்த்து மறுபடியும் அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வேலை பாக்கலியா சார்?"

"பாத்துக்கினுதானே இருக்கேன்."

அவள் வாசலில் நின்றாள். இந்தத் தடவை என்ன சொல்வது என்று யோசித்துப் பேசினாள். "மந்திரிய எடுத்துட்டு அந்த இடத்த உங்களுக்குத் தரட்டுமா?"

"வேணாம்மா. குடுத்தத திரும்ப வாங்கக் கூடாது. வாங்குனா எப்படி இருக்கும்னு எங்க வூட்டுக்குத் தெரியும்."

விற்பனைக் கூடத்தில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கையில் இருந்த கட்டை அலமாரியில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, அந்த இருபத்தஞ்ச... ஒண்ணே ஒண்ணு ஏத்த முடியுமா?"

"முடியும் சார்."

"மேனேஜருக்குத் தெரிய வேணாம். கமிட்டி கூடுனா மறுபடியும் எல்லாத்தையும் பேசுவாங்க."

காவேரி சர்வர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருபத்தாறு என்று அடித்தாள். கலியாணசுந்தரம் தன் இடத்துக்கு வந்து உள்ளே நுழைந்தார். மூலையில் 25 வந்தது. அவர் திரையைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, அன்று விற்ற புடவைகளைச் சரக்கிலிருந்து கழிக்க ஆரம்பித்தார். எதிர் மேசைக்காரர், "இன்னா சார் நம்பர் வந்துச்சு?" என்று கேட்டார். "வந்துச்சுப்பா," என்று மட்டும் சொன்னார்.

ஆனி பிறப்பதற்கு முன் மஹாலட்சுமியின் வேலை நிரந்தரமாயிற்று. அவள் மேசைக்கு மேலே 'பிள்ளையார் நம்பர்' என்று தினகரன் ஒரு போர்டு மாட்டினார். அங்கே பில் போட வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வர ஆரம்பித்தார்கள். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அவளும் செருப்பை வெளியே விட்டாள், தரை குளிர்ச்சியாக இருந்ததால்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் காவேரிக்கு போன் வந்தது. கூரத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் வேல்முருகன் பேசினார். மகள் கல்யாணத்துக்குச் சங்கத்தில்தான் புடவை எடுத்தாராம்.

"எங்க மில்லுலயும் அந்த மாதிரி சர்வர்தான் இருக்குதும்மா."

"என்ன பிரச்சன சார்? உள்ள போவ முடியலியா?"

"அதான் பிரச்சன. எல்லாரும் உள்ள போறாங்க. மூட்ட தூக்குறவரு போறாரு, லாரி டிரைவர் போறாரு. எவ்ளோ பேரு வந்தாலும் உள்ள விடுது. யாருக்கும் ஒரு இது இல்ல. அத ஒரு எட்டு பேரோட நிறுத்திக் குடுக்க முடியுமா?"

காவேரி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். "எந்த எட்டு பேரு சார்?"

ஆலை ஓடும் சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"அத நாங்க பேசி முடிவு பண்ணிக்கிறோம். நீங்க மொதல்ல கம்மி பண்ணுங்க, அப்பதான் உக்காந்து பேசுவாங்க. என் தம்பியும் நானும் பேசி நாலு வருஷம் ஆவுது."

அவள் என்றைக்கு வரலாம் என்று கேட்டாள். வியாழக்கிழமை நல்ல நாள் என்றார் அவர்.